தமிழ் எழுத எந்த நிப்பு? மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு

உங்கள் மைப்பேனாவால், வழக்கமாக எழுதும் அளவிலேயே, ‘ண்’ என்று பத்து முறை எழுதிப் பாருங்கள். சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா, அடைத்துக்கொண்டதா? மேலே வைத்த புள்ளி தொட்டதும் விழுந்ததா, மறுபடி குத்த வேண்டியிருந்ததா, இல்லை குமிழாகப் பரவிவிட்டதா? நிப்பை மாற்றுவதா, மாற்றினால் எதற்கு மாற்றுவது என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அந்தப் பத்து எழுத்திலேயே கிடைத்துவிடும்.

நிப்புகளைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கூட்டெழுத்தை வைத்து எழுதப்படுபவை. அதில் ஒரு சொல் முடியும்வரை பேனா தாளைவிட்டு எழுவதே இல்லை. மை ஒருமுறை ஓடத் தொடங்கினால் போதும். தமிழ் அப்படியில்லை. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று எழுத, கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இருபது முறை பேனா எழுந்து மறுபடி தாளைத் தொடுகிறது. அதில் ஐந்து வெறும் புள்ளி. அங்கே நிப்பு நகர்வதே இல்லை, தொட்டு எடுப்பதோடு சரி. அதனால் தமிழ் எழுதுபவருக்கு நிப்பு வழுக்கிக்கொண்டு போவதைவிட, தொட்ட நொடியில் மை இறங்குவது முக்கியம். வெண்ணெய் போல ஓடுகிறது என்று பெயர் வாங்கிய நிப்பு நமக்குப் பாதிப் புள்ளிகளை விழுங்கிவிடுவது இதனால்தான்.

மாற்றாமலே சரியாகுமா?

பலர் நிப்பை மாற்ற நினைப்பது கீறுவதாலோ மை வராததாலோ. இரண்டுக்கும் நிப்பு காரணமாக இல்லாமலும் போகலாம்.

மை வரவில்லை என்றால் முதலில் கழுவுங்கள். நிப்பு செருகியிருக்கும் கழுத்துப் பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினாலே பாதிப் பேனாக்கள் பிழைத்துக்கொள்ளும். அப்போதும் வராவிட்டால் அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, பிறகு சோப்பு போகக் கழுவ வேண்டும். ஸ்பிரிட் வேண்டாம், பல பிளாஸ்டிக்குகள் அதில் நுண்ணிய வெடிப்பு விடும். டிராயிங் இங்க் ஊற்றிய பேனா என்றால் கதையே வேறு. அதில் இருக்கும் அரக்கு காய்ந்து நாக்கின் நுண்குழாயை அடைத்துவிட்டால் கழுவி எடுப்பது கடினம். (நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையைத்தான் நாக்கு என்கிறோம். கடையில் ஃபீட் என்று கேட்டால் தருவார்கள்.)

கீறுகிறது என்றால் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். நிப்பை மூக்குக்கு நேராகப் பிடித்து முனையை எதிரிலிருந்து பாருங்கள். பிளவின் இருபுறமும் உள்ள இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தலைமுடி அளவுகூட ஏறி இறங்கி இருந்தால் இறங்கிய பாதியின் உள்விளிம்பு தாளைக் கீறும். ஏறிய பாதியை நகத்தால் மெல்ல ஒருமுறை அழுத்துங்கள், லென்ஸில் பாருங்கள், மறுபடி அழுத்துங்கள். இரண்டு நிமிட வேலை.

நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் இரண்டு வைத்தியங்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒன்று, பிளவுக்குள் சவர பிளேடை நுழைப்பது. பிளேடின் தடிமன் சுமார் 0.1 மி.மீ., அதுவும் கெட்டியான எஃகு. பிளவை வேண்டிய அளவைவிட அகட்டுவதோடு உள்சுவரிலும் கீறல் போடும். 0.05 மி.மீ. பித்தளைத் தகடு இதற்கென்றே கிடைக்கிறது. மிருதுவான உலோகம் என்பதால் அழுக்கை மட்டும் எடுக்கும். இன்னொன்று, பட்டையாக எழுத வேண்டும் என்று சிமெண்டுத் தரையில் தேய்ப்பது. நிப்பின் நுனியில் ஒட்டியிருக்கும் குண்டுமணி வேறு உலோகம். பழக்கத்தில் இரிடியம் என்கிறோம். இன்று பெரும்பாலும் வேறு கடின உலோகங்களின் கலவை. அது தேய்ந்து எஃகு வெளியே வந்துவிட்டால் அந்த நிப்பு பிறகு எப்போதும் கீறும், வேகமாகவும் தேயும்.

கழுவியும் நிமிர்த்தியும் புள்ளி மட்டும் விழவில்லை என்றால், குண்டுமணியைத் தொழிற்சாலையில் அளவுக்கு மீறி மெருகேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பிளவின் இரு உதடுகளும் உள்நோக்கி வளைந்து, மை தாளைத் தொடாமல் மேலேயே நின்றுவிடுகிறது. லேசாக அழுத்தினால் எழுதும், அழுத்தாவிட்டால் எழுதாது. மைக்ரோமெஷ் என்ற நுண்ணிய தேய்ப்புத் தாளில், 12000 தரத்தில், எட்டு வடிவில் பத்துச் சுற்று, பேனாவின் சொந்த எடை மட்டும் விழும்படி தேய்த்தால் சரியாகலாம். ஆனால் இருபது சுற்றில் நிப்பே வீணாகலாம். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் இந்திய எஃகு நிப்பு என்றால், தேய்த்துப் பார்ப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்துவதே நல்லது.

சுழிக் கணக்கு

ஒற்றைக் கோட்டு நோட்டில் வரி இடைவெளி சுமார் 8 மி.மீ. அதில் எழுதும்போது எழுத்தின் உடல் மூன்றரை மி.மீ. உயரம் வரும். ‘ண’, ‘ஞ’, ‘இ’, ஐகாரக் கொம்பு இவற்றின் சுழியில் பேனா முனை சுற்றி வரும் வட்டம் 0.8 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். கோடு 0.4 மி.மீ. என்றால் நடுவே 0.4 மி.மீ. வெள்ளை மிஞ்சும். 0.6 என்றால் 0.2 மட்டும்தான். 0.8 கோட்டில் சுழி முழுக்க அடைந்து கரும்புள்ளியாகிவிடும். இது நல்ல தாளில். 60 ஜி.எஸ்.எம். பள்ளி நோட்டில் மை நார்வழியே பரவி இன்னும் கொஞ்சத்தைத் தின்னும்.

இதே கணக்கை உங்கள் கையெழுத்தை ஸ்கேல் வைத்து அளந்து போட்டுப் பாருங்கள். கோடில்லாத தாளில் பெரிதாக எழுதுபவருக்கு மீடியம் (நடுத்தரக் கோடு) நிப்பு அழகாக இருக்கும். பொடியாக எழுதுபவருக்கு அதே மீடியம் பக்கத்தையே இருட்டாக்கிவிடும்.

நிப்பில் பொறித்த எழுத்தை மட்டும் நம்ப முடியாது என்பது அடுத்த சிக்கல். எஃப் (ஃபைன், மெல்லியது), எம் (மீடியம்), பி (பிராட், பட்டையானது) என்பவற்றுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஜப்பானிய நிப்புகள் அந்த மொழியின் கஞ்ஜி (kanji) எழுத்துகளின் நெருக்கமான கோடுகளுக்காக வளர்ந்தவை. ஐரோப்பிய நிப்பைவிட ஏறத்தாழ ஒரு படி மெல்லியவை. ஜப்பானிய நிறுவனமான பைலட்டின் ஃபைன் சுமார் 0.3 மி.மீ. எழுதும். ஜெர்மானிய நிப்புகளில் எக்ஸ்ட்ரா ஃபைன் 0.4, ஃபைன் 0.5, மீடியம் 0.6 முதல் 0.7, பிராட் 0.8 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மை, தாள், கை அழுத்தம் மூன்றும் இதை மாற்றும்.

ஜெல் பேனாவிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜெல் பேனாவில் 0.5 என்று போட்டிருப்பது குண்டின் விட்டம். அது இழுக்கும் கோடு அதைவிட மெல்லியது, 0.3-ஐ ஒட்டி வரும். அந்தக் கோட்டுக்குப் பழகிய கை, ‘0.5தானே’ என்று ஜெர்மன் ஃபைன் வாங்கினால் பட்டையாக எழுதுகிறதே என்று மனம் நொந்துபோகும். அவர்களுக்கு ஜப்பானிய ஃபைன், அல்லது பிளாட்டினம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பிரெப்பி பேனாவில் 03 நிப்பு.

சாதாரண நோட்டில் நாள் முழுக்கத் தமிழ் எழுதுபவருக்கு எங்கள் பரிந்துரை ஜப்பானிய ஃபைன் அல்லது ஐரோப்பிய எக்ஸ்ட்ரா ஃபைன். அதற்கும் கீழே, 0.2 மி.மீ. அளவுக்குப் போனால் சுழி துல்லியமாக வரும்தான். ஆனால் தாளின் நார் நுனியில் சிக்கும், பிளவு அடைக்கும், கையெழுத்து வெளிறித் தெரியும். கணக்குப் புத்தகத்தின் கட்டங்களுக்குள் எழுதுபவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

பட்டை, வளைவு, தங்கம்

ஸ்டப் நிப்பின் நுனி உருண்டையாக இருக்காது, தட்டையாக வெட்டியிருக்கும். மேலிருந்து கீழே இழுத்தால் 1.1 மி.மீ., இடமிருந்து வலமாக இழுத்தால் அதில் பாதிக்கும் குறைவு. ‘ட’, ‘ப’, ‘ம’, ‘ய’ போல நேர்க்கோடும் படுக்கைக்கோடும் சேரும் எழுத்துகள் இதில் செதுக்கியது போல வரும். முகவரி, திருமண அழைப்பிதழ் உறை, தலைப்பு எழுத இதைவிட நல்ல நிப்பு இல்லை. சுழிக் கணக்குதான் இடிக்கும்: எழுத்தின் உடல் 6 மி.மீ. உயரமாவது இல்லாவிட்டால் ‘ண’வும் ‘ஞ’வும் அடைந்துவிடும். பேனாவை விரலில் உருட்டிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும், தள்ளி எழுதும் இடது கைக்காரர்களுக்கும் ஓரம் தாளைவிட்டு எழும்பிக் கோடு அறுபடும். அன்றாட எழுத்துக்கு ஸ்டப் வேண்டாம், இரண்டாவது பேனாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளெக்ஸ் நிப்பு அழுத்தினால் விரிந்து பட்டையாகவும் விட்டால் மெல்லியதாகவும் எழுதும். காப்பர்பிளேட் என்ற ஆங்கில அழகெழுத்தில் கீழிறங்கும் கோட்டில் மட்டும் அழுத்தினால் போதும், எங்கே அழுத்துவது என்று கை எளிதில் கற்றுக்கொள்ளும். தமிழ்ச் சுழி எல்லாத் திசையிலும் ஓடுகிறது. மேலேறும்போது அழுத்தம் மிஞ்சியிருந்தால் விரிந்த பாதிகளில் ஒன்று தாளில் குத்தி மையைத் தெறிக்கும். ‘த’, ‘ந’ வால்களில் இது காட்டும் அழகு உண்மையானது. ஆனால் அதற்கு மெதுவாக எழுத வேண்டும், வழவழப்பான தாள் வேண்டும், மையை நிறையக் கொடுக்கும் நாக்கும் வேண்டும். சாதாரண நாக்கில் ஃபிளெக்ஸ் நிப்பைச் செருகினால் கோடு நடுவே வெள்ளையாக, இரண்டாகப் பிளந்து போகும். கான்பூரின் கான்ரைட் நிறுவனம் எஃகில் ஃபிளெக்ஸ் நிப்பு செய்கிறது. பழகிப் பார்க்க அது போதும்.

ஃபூதே என்ற ஜப்பானிய நிப்பின் நுனி மேல்நோக்கி மடித்திருக்கும். பேனாவைச் சாய்த்தால் பட்டை, நிமிர்த்தினால் மெல்லிசு. ஓவியம் வரைபவர்களுக்கானது.

தங்க நிப்பைப் பற்றிய நம்பிக்கைகள் ஏராளம். அந்தக் காலத்து அமில மை எஃகை அரித்தது, தங்கத்தை அரிக்கவில்லை. தங்கம் நிப்புக்கு வந்த முதல் காரணம் அதுதான். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. 14 காரட் என்றால் 58.5 விழுக்காடு தங்கம். தாளைத் தொடுவதோ அந்தத் தங்கம் அல்ல, நுனியில் உள்ள கடினக் குண்டுமணி. எஃகு நிப்பிலும் அதே வகைதான். தங்கம் கொஞ்சம் மெத்தென்று இருக்கலாம், வடிவமைப்பைப் பொறுத்துக் கட்டையாகவும் இருக்கலாம். தனியாகத் தங்க நிப்பு வாங்கினால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். ‘ண்’ சோதனையில் நன்றாக ஓடும் எஃகு நிப்பு கையில் இருந்தால் அந்தப் பணத்தை நல்ல தாளுக்கும் மைக்கும் செலவிடுவது மேல்.

உங்கள் பேனா எதை ஏற்கும்?

விருப்பம் ஒன்றாக இருக்கலாம், பேனாவின் கழுத்து சம்மதிக்க வேண்டுமே.

ஜெர்மன் நிறுவனமான லாமியின் சஃபாரி, ஆல்ஸ்டார், விஸ்டா வரிசையில் நிப்பு நாக்கின் மேல் உறை போலச் சறுக்கி உட்காருகிறது. நிப்பின் முதுகில் செல்லோடேப்பை ஒட்டி நேராக இழுத்தால் வந்துவிடும். புதியதை விளிம்பில் பொருத்திக் கட்டை விரலால் தள்ளினால் முடிந்தது. நாக்கைத் தொடவே வேண்டாம். எக்ஸ்ட்ரா ஃபைன் முதல் 1.9 மி.மீ. பட்டை வரை எஃகிலேயே கிடைக்கிறது, லாமியின் 14 காரட் நிப்பும் இதே இடத்தில் பொருந்தும். லாமி 2000 மட்டும் இந்தக் குடும்பம் அல்ல. அடிக்கடி மாற்ற நினைப்பவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஒரே குறை, ஒரே அளவு பொறித்த இரண்டு லாமி நிப்புகளே ஒன்றுபோல எழுதுவதில்லை. முடிந்தால் கடையில் தொட்டு எழுதிப் பார்த்து வாங்குங்கள்.

பைலட் மெட்ரோபாலிட்டன், காக்குனோ, ப்ரெரா, பென்மேன்ஷிப், ப்ளூமிக்ஸ் தங்களுக்குள் நிப்பை மாற்றிக்கொள்ளும். பென்மேன்ஷிப்பில் எக்ஸ்ட்ரா ஃபைனும் ப்ளூமிக்ஸில் பட்டை நிப்பும் இருப்பதால், தனியாக நிப்பு தேடாமல் இன்னொரு பேனாவையே வாங்கி நிப்பை இடம் மாற்றுவதுதான் வழக்கம். பிளாட்டினத்தின் பிரெப்பி நிப்பை இதே போல அதன் பிளெசிர் பேனாவுக்கு மாற்றலாம்.

மரையுடன் வரும் நிப்பு அலகுகள் மூன்றாவது வழி. ஜெர்மனியின் யோவோ, பாக், ஷ்மிட் நிறுவனங்கள் நிப்பு, நாக்கு, உறை மூன்றையும் ஒன்றாகப் பொருத்தித் தருகின்றன. பல்பைத் திருகுவது போலக் கழற்றி மாற்றலாம். பிழைக்கு இடம் மிகக் குறைவு. ஆனால் யோவோவின் மரை பாக்கில் ஏறாது. இரண்டுமே ‘ஆறாம் எண்’ (நிப்பின் அளவு எண்) என்று விற்கப்படுவதால் ஏமாறுபவர்கள் உண்டு. வற்புறுத்தித் திருகினால் கழுத்தின் மரை போய்விடும். திருவள்ளூரில் செய்யப்படும் ரங்கா எபனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பேனாக்களை இந்த ஜெர்மன் அலகுகளுடனும் வாங்கலாம், உள்நாட்டு நிப்புடன் சொட்டு ஊற்றும் வகையாகவும் (மையை நேரே பேனாவின் உடலுக்குள் ஊற்றுவது) வாங்கலாம். இரண்டில் எது என்று வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். நிப்பை அவ்வப்போது மாற்றுவோம் என்று தோன்றினால் மரை அலகு. நிறைய எழுத வேண்டும், மை தாராளமாக வேண்டும், நிப்பு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றால் எபனைட் நாக்கும் உள்நாட்டு நிப்பும்.

பள்ளிக்கூடத்தில் ஓடிய ஹீரோ வகைப் பேனாக்கள், அதாவது நிப்பை உறை மூடி நுனி மட்டும் தெரியும் வகை, மாற்றத்துக்கு ஏற்றவை அல்ல. உறையை ஒட்டியிருக்கும் பசையைச் சூடாக்கித் திருக வேண்டும், அதற்குள் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். வேறு அளவில் எழுத வேண்டுமென்றால் வேறு பேனா வாங்குவதே சரி.

செருகு நிப்பை மாற்றும் விதம்

நம் ஊர்ப் பேனாக்களில் பெரும்பாலானவற்றில் நிப்பும் நாக்கும் கழுத்துக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். மலிவான வழி இதுவே, கவனம் தேவைப்படுவதும் இதிலேயே.

நாக்கின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 5 மி.மீ.யைச் சற்றுத் தாண்டினால் ஐந்தாம் எண் நிப்பு, 6-ஐச் சற்றுத் தாண்டினால் ஆறாம் எண். கடையில் 35 மி.மீ. நிப்பு என்று சொல்வது பெரும்பாலும் ஆறாம் எண்ணைத்தான். நீளம் பொருந்தினால் மட்டும் போதாது. நிப்பின் அடிப்பகுதி வளைவு நாக்கின் முதுகோடு படிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடையே கீற்று வெளிச்சம் தெரிந்தால் அங்கே காற்று புகுந்து மை அறும்.

கழற்றும் முன் மையை எடுத்துவிட்டு, கழுத்தைத் தண்ணீரில் ஊறவையுங்கள். நிப்பின் நடுத்துளை நாக்கின் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இது மிகவும் உதவும். சைக்கிள் டியூப் துண்டால் நிப்பின் முதுகையும் நாக்கின் வயிற்றையும் ஒன்றாகப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. நிப்பின் தோளுக்கு (அது குறுகத் தொடங்கும் இடம்) முன்னால் விரல் வைக்கவும் கூடாது, அங்கே அழுத்தினால் பாதிகள் வளைந்துவிடும். வரவில்லை என்றால் மறுபடி ஊறவையுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

புதிய நிப்பை நாக்கின் நடுவில் பொருத்துங்கள். பிளவும் நாக்கின் மைக்குழாயும் ஒரே கோட்டில் வர வேண்டும், அரை மி.மீ. விலகினாலும் ஒரு பக்கம் வறளும். நாக்கின் முனை நிப்பின் தோளைத் தாண்டிச் சற்று முன்னே நிற்க வேண்டும். மிகவும் பின்னால் இருந்தால் எழுத்து வறளும், மிகவும் முன்னால் வந்தால் நுனியில் மை கோத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கழுத்துக்குள் தள்ளுங்கள். முடிந்ததும் மூடியைச் சட்டென்று போட்டுவிடாதீர்கள். நிப்பு பழையதைவிட வெளியே நீண்டிருந்தால் மூடியின் உட்கூரையில் இடித்து நுனி மடங்கும். பழைய நிப்போடு நீளத்தை ஒப்பிட்டுவிட்டு, மெல்லத் திருகி, தட்டுப்படுகிறதா என்று உணர்ந்து மூடுங்கள்.

நாக்கு எபனைட் என்றால் இன்னொரு வேலை உண்டு. கொதித்து இறக்கிய, சுமார் 80 டிகிரி தண்ணீரில் நிப்பும் நாக்கும் மட்டும் மூழ்கும்படி 20, 30 நொடி பிடித்து, எடுத்த கையோடு கட்டைவிரலால் நாக்கை நிப்போடு அழுத்தி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் காட்ட வேண்டும். எபனைட் சூட்டில் இளகி நிப்பின் வளைவுக்கு ஏற்பப் படியும். கழுத்தும் எபனைட் என்றால் அது வெந்நீரில் படவே கூடாது, கறுப்பு பழுப்பாகிவிடும், பிறகு மெருகு போட்டுத்தான் மீட்க வேண்டும். பிளாஸ்டிக் நாக்குக்கு இந்த வேலையே வேண்டாம்.

மை ஊற்றி, நுனி கீழே இருக்கும்படி பத்து நிமிடம் நிறுத்திவைத்துவிட்டு எழுதுங்கள். உதறினால் வந்துவிடும் என்று உதற வேண்டாம். நாக்கின் செதில்கள் மையால் நிறைந்து, எழுதும்போது சொட்டும். முதல் பக்கத்தை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். புதிய நிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதுண்டு, இரண்டாம் நாள் எழுத்து வேறாக இருக்கும். சொட்டு ஊற்றும் பேனாவில் மை கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைக் கக்கும். அது நிப்பின் குற்றம் அல்ல, மையை நிரப்பினால் நின்றுவிடும்.

தேர்வு நெருங்கும் மாணவருக்கு நிப்பு மாற்றுவதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். பழைய நிப்பைத் தூக்கிப் போடாமல் துடைத்துக் காயவைத்து, நுனியை ஒரு துண்டு ஸ்ட்ராவுக்குள் செருகிப் பத்திரப்படுத்துங்கள். மாற்றியது ஒத்துவராவிட்டால் அதை மறுபடி பொருத்தலாம். எபனைட் நாக்கை மட்டும் அப்போது ஒருமுறை வெந்நீரில் காட்ட வேண்டியிருக்கும், அது புது நிப்பின் வளைவுக்குப் படிந்திருக்கும்.